ஏழாம் எண்ணின் கடைசி மூன்று சுற்றுகள்

என் கை என்னைக் கேட்காமலே எழுதும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. பம்பாயில், கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன். மேனேஜர் கடிதத்தின் கடைசி வரிக்கு வருவதற்குள் முடிப்பு வாசகம் என் நோட்டில் ஏறியிருக்கும். "இவள் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுதிவிடுகிறாள்" என்று அவர் மற்றவர்களிடம் சொல்வார். மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் அண்ணா இதை ஒன்றுக்குப் பத்தாக ஊதி வைத்திருந்தான். கார் பைத்தியமான அவன் அந்தக் குளிர்காலத்தில் என்னைப் பந்தயத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும் அதனால்தான்.

அறுபதுகளின் நடுவில் அப்படி ஒரு பந்தயம் பம்பாயில் நடந்தது என்று இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பழைய பந்தயக் கார் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும். கம்பெனிகள் வரக் கூடாது. கார் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும். சொந்தக்காரரே ஓட்ட வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு என்று ஆரம்பித்தார்கள், நான்காவது ஞாயிறோடு நின்றுபோயிற்று. செம்பூருக்கு அப்பால், உப்பளங்களை ஒட்டி, யுத்த காலத்தில் ராணுவம் போட்டுவிட்டுப் போன ஒரு விமான ஓடுதளம் இருந்தது. காலையில் அங்கே மூட்டம் சேற்றிலிருந்து எழும்பி இடுப்புவரை நிற்கும். காரின் சத்தம் முதலில் வரும், எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது. அப்புறம் ஓட்டுகிறவரின் தலை மட்டும் மூட்டத்தின் மேலே மிதந்துகொண்டு வரும். எனக்கு முதல் ஞாயிறே பிடிக்கவில்லை.

கார்களும் அப்படித்தான். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை, சமஸ்தானத்துக் கொட்டகைகளில் துருவேறிக் கிடந்தவை. அவற்றை முதலில் ஓட்டியவர்களில் யார் உயிரோடு இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஏழாம் எண் காரை வைத்திருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் வீடு, குர்லாவில் சின்ன ஒர்க்‌ஷாப். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். ஞாயிறு காலை சர்ச்சில் முதல் ஆராதனையை முடித்துவிட்டு மனைவியோடு அப்படியே வந்துவிடுவார். அவர் வருமானத்துக்கு அந்தக் கார் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். ஆனாலும் அதைத் தொடும்போது அவர் முகம் பார்க்க வேண்டியதாக இருக்கும்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அதன் சீட்டைக் காட்டினார். தோல் சீட்டில் ஆழமாக ஒரு பள்ளம். அவரைவிட உயரமான, தோள் அகலமான ஒருவன் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம்.

"ரைட்டரம்மா, இதுல ஏற்கெனவே ஒருத்தன் உக்காந்திருக்கான் பாத்துக்கிடுங்க. நான் அவன் மடியில உக்காந்துதான் ஓட்டுதேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்தேன்.

என் வேலை சுற்றுத்தாள் எழுதுவது. அண்ணா மேஜை மேல் ஏறி நின்று, கார்கள் கடக்கக் கடக்க எண்களைக் கூப்பிடுவான். நான் தலை நிமிராமல் வரிசையாக எழுத வேண்டும். எழுதுகிறவள் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். கூப்பிடுவது அவன் வேலை. எந்த எண் குறைகிறது என்று கவனிப்பது என் வேலை. ஓடுதளத்தின் கடைசித் திருப்பத்தில் பார்த்துக்கொள்ள நிறுத்த ஆள் கிடையாது. ஆகவே ஒரு சுற்றில் ஒரு எண் வராவிட்டால் நான் கையைத் தூக்க வேண்டும், உடனே ஜீப் தேடிப் போகும். அந்த மைதானத்தில் ஒருவர் விழுந்தால் தெரிந்துகொள்ள என் தாளைத் தவிர வேறு வழி இல்லை.

நான்காவது ஞாயிறு, எட்டு கார்கள், பன்னிரண்டு சுற்று. முதல் சுற்றிலிருந்தே நான்கு, ஏழு, இரண்டு என்ற வரிசை மாறவில்லை. நான்கு, ஏழு, இரண்டு. நான்கு, ஏழு, இரண்டு. அண்ணாவின் குரலும் என் பென்சிலும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசிச் சுற்றில் மட்டும் எழுதுகிறவளும் தலை நிமிரலாம். நிமிர்ந்தேன். நான்கு வந்தது. அடுத்து இரண்டு வந்தது. ஏழைக் காணவில்லை. கையைத் தூக்கினேன்.

கடைசித் திருப்பத்தில் கரை தாண்டி, அலையாத்திப் புதருக்குள் சேற்றில் கவிழ்ந்து கிடந்தது கார். அண்ணாச்சியை வெளியே எடுத்தபோது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

சாயங்காலம் அண்ணா பேயறைந்த மாதிரி வந்து என் எதிரில் உட்கார்ந்தான். காரைத் தூக்கப் போனவர்களில் அவனும் ஒருவன்.

"இன்ஜின் மேல கை வைக்க முடிஞ்சதுடி. கடைசிச் சுத்துல விழுந்திருந்தா கை வெந்திருக்கும்."

தாளைக் காட்டினேன். ஒன்பது, பத்து, பதினொன்று என்று மூன்று சுற்றிலும் ஏழு இருந்தது. என் கையெழுத்து, நடுக்கமில்லாத கையெழுத்து.

"நான் எட்டுக்கு அப்புறம் ஏழைக் கூப்பிடவே இல்லை. வரலை, நீ கையைத் தூக்கியிருப்பேன்னு நினைச்சுண்டேன்."

"கூப்பிட்டே. என் காதால கேட்டேன். காரும் போச்சு."

"எதுவும் போகலைடி."

என்னால் இதற்கு ஒரு விளக்கம் சொல்ல முடியும். மேனேஜரின் கடைசி வரியை எழுதுகிற அதே கைதான், பழகிய வரிசையில் நான்குக்குப் பின் தானே ஏழைப் போட்டிருக்கிறது. எழுதியதைக் காது கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் அந்த மனிதர் சேற்றில் ஏழெட்டு நிமிஷம் கிடந்தது என்னால்தான். ஆனால் எனக்கு நினைவு இருந்தது. குரல், அதற்குப் பின்னால் அந்த இன்ஜினின் அடித்தொண்டைச் சத்தம், மேஜை லேசாக அதிர்ந்தது, எல்லாம் நினைவு இருந்தது. மூன்று தடவை.

பந்தயம் நடத்தியவர்கள் என் தாளை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் விபத்து, உடனே ஆள் போனது என்று எழுதி முடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் அது சௌகரியமாக இருந்தது, எனக்கும்தான். ஆபீஸில் அடுத்த வாரமே மேனேஜர் ஒரு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். நடுவில் ஒரு வரியை அவர் சொல்லவே இல்லையாம். ஆனால் என் காதில் அது கேட்டிருந்தது. அன்றிலிருந்து நோட்டைத் திறக்கவே பயமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அண்ணாச்சியின் மனைவி வீடு தேடி வந்தாள். கறுப்புப் புடவை, கையில் ஒரு துணிப்பை. நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தாள்.

"தாள்ல பதினோரு சக்கர் ஓடினாருன்னு போட்டிருக்காமே. நெசந்தானா தங்கச்சி?"

எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"எட்டாவது சக்கர்ல அவரைப் பாத்தேன். பொறவு கூட்டத்துக்குப் பின்னால மாட்டிக்கிட்டேன், ஒண்ணும் தெரியல. சத்தம் மட்டும் கேட்டுச்சு. அவரு வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? மூணு தரம் போச்சு. ஓடிக்கிட்டுதான் இருக்காருன்னு நானும் நின்னுக்கிட்டேன். இப்ப ஒர்க்‌ஷாப்புல ஒரு ஆளு சொல்லுதான், இன்ஜின் ஆறிக் கெடந்துச்சாம், அவரு ரொம்ப நேரமாக் கெடந்திருக்காராம். அப்படின்னா நான் சும்மால்லா நின்னிருக்கேன். அவரு போனது எனக்குத் தாங்கும், தங்கச்சி. இது தாங்கல. நீங்க கண்ணால பாத்தீயளா?"

மூன்று வாரமாக உண்மையைச் சொல்லப் பழகி வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று. அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். பாதி எனக்காக.

"பார்த்தேன் அக்கா. மூணு தடவையும் பார்த்தேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு நிதானமாயிற்று. பிறகு, மனசுக்குள் அவரைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் என்று நினைக்கிறேன், மெதுவாகக் கேட்டாள்.

"கழுத்துல துண்டு இருந்துச்சா?"

புறப்படும்போது அவர் கழுத்தில் சிவப்புத் துண்டு பார்த்த ஞாபகம் இருந்தது. "இருந்தது. சிவப்புத் துண்டு" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். துணிப்பையிலிருந்து அதை எடுத்து மடியில் வைத்தாள்.

"எட்டாவதுல என் முன்னாலதான் பறந்து விழுந்துச்சு. இதை எடுக்கப் போய்த்தான் நின்ன எடத்தை விட்டேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தலை குனிந்திருந்தது, அண்ணா கூப்பிடாதது, என் கையின் பழக்கம், ஒன்றையும் விடவில்லை. குரலும் இன்ஜினும் காதில் கேட்டதையும் சொன்னேன். அங்கேதான் அவள் நிமிர்ந்தாள்.

"எத்தனை தரம் கேட்டுச்சு?"

"மூணு தடவை."

துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உங்களுக்குக் கைப்பழக்கம், எழுதிட்டீய. சரி. நான் எழுதலியே, தங்கச்சி. வேலிப் பக்கம் வெறுங்கையோட நின்னேன். எனக்குக் கேட்டது என்னது?"

துண்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தாராவிக்கு நடந்தே போனாள்.