கறார் சார் ஏற்றிய சான்றிதழ்கள்

ஆஸ்பத்திரியில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் கறார் சார். மைத்துனர் வீட்டுக்கு வந்து வைஃபை பாஸ்வேர்டு கேட்டபோதே, "வந்தது அக்காவப் பாக்கவா, போனப் பாக்கவா?" என்று வாயை அடைத்த மனிதர்.

அப்பேர்ப்பட்டவர் கட்டிக்காத்த ஆஸ்பத்திரி பாஸ்வேர்டு, வாசல் டீக்கடைக்காரர் வரைக்கும் தெரிந்திருந்தது! அது தெரியவந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இனி பாஸ்வேர்டே வேண்டாம், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் டிஜிட்டல் சான்றிதழ் என்று முடிவு செய்தார். இயந்திரம் தன் சான்றிதழைக் காட்டும், நெட்வொர்க் பதிலுக்குத் தன்னுடையதைக் காட்டும். அடுத்தவர் சான்றிதழ் அன்றைய தேதிக்குச் செல்லுமா என்று இருவரும் பார்த்த பிறகுதான் பேச்சுவார்த்தை.

வார்டு வார்டாக மாற்றிக்கொண்டு வந்தார். கடைசியாகப் பச்சைக் குழந்தைகள் வார்டு. அங்கேதான் அவர் மகளுக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. குழந்தைகளின் தூக்கம் கெடக்கூடாதென்று மூச்சையும் நாடியையும் பார்க்கும் பெட்டியோர மானிட்டர்களின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவை நெட்வொர்க் வழியே அனுப்புவதையெல்லாம் காட்டும் நர்ஸ் மேஜைத் திரையை நம்புவது அந்த வார்டின் வழக்கம். பேத்திக்குச் செய்யும் சீராக நினைத்து ஒவ்வொரு மானிட்டருக்கும் தன் கையாலேயே சான்றிதழ் ஏற்றினார். சோதித்தார், மறுபடியும் சோதித்தார், பழைய பாஸ்வேர்டை ஒழித்துக்கட்டினார். மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உடனே ஓடத் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் போனில் அலறினாள்.

"சார், ஸ்கிரீன்ல ஒரு குழந்தையும் தெரியல! ஓடி வாங்க!"

ஓடினார். மானிட்டர்கள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரிகள் எப்போதோ செத்துப்போயிருந்ததால், அணைந்து எழுந்ததும் தேதியை மறந்து, தயாரான வருஷத்துக்கே திரும்பியிருந்தன. அந்தத் தேதிப்படி நெட்வொர்க்கின் சான்றிதழ் செல்லுபடியாகும் காலம் இன்னும் தொடங்கவே இல்லை. அவர் கற்றுக்கொடுத்த கறாரோடு மானிட்டர்கள் நெட்வொர்க்கை ஒதுக்கிவிட்டன. சரியான தேதியை நெட்வொர்க்கிடம்தான் கேட்க வேண்டும்; நெட்வொர்க்கோடு சேரவோ தேதி சரியாக இருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். அவர் ஒவ்வொரு மானிட்டராகத் தேதியைத் திருத்தத் தொடங்கினார்.

"அந்த மூலைப் பெட்டிக் குழந்தை நீலமாயிடுச்சு சார்," என்றாள் நர்ஸ். "ஸ்கிரீன் போனதப் பாத்து ஒவ்வொரு பெட்டியா எட்டிப் பாத்தேன், அப்பதான் தெரிஞ்சது. பாதத்தத் தேச்சதும் மூச்சு வந்துடுச்சு. டாக்டர் பாத்துட்டாரு, பயமில்லயாம்."

மூலைப் பெட்டி அவர் பேத்தியுடையது. கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அங்கே ஓடினார்.

சேதி கேட்டு வந்து பெட்டியருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகள் அழுது முடித்துக் கோபத்தில் இருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதையோ மாத்திட்டாங்களாம்பா. அதனாலதான் ஸ்கிரீன் போச்சாம். யாருன்னு கண்டுபிடிங்க. அவன சும்மா விடாதீங்க."

அவர், "நான்தாம்மா," என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கையை விட்டாள். எழுந்து, அவருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றாள்.