வெட்டுப்பட்ட பச்சைக் காய்

தோற்கத் தெரியாமல் ஒரு பிள்ளை வளர்ந்தால் நல்லதா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

மகளின் புது போர்டு கேமில் எல்லோரும் சேர்ந்தே ஜெயிக்கிறோம். யாரும் யாரையும் வெட்டுவதில்லை. நேற்று அதில் பகடை உருண்ட சத்தம் என்னை நான் சின்ன வயதில் வளர்ந்த லம்பா லைன் வீட்டுக்குக் கொண்டுபோனது. மழையில் ஃபெர்ரி நின்று, கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கு வேலைக்குப் போக முடியாத நாட்களில் அப்பா லூடோ விரிப்பார். கடைசிக் கட்டத்துக்கு வந்த என் பச்சைக் காயை வெட்டிவிட்டு, "கட் கயா! என்ன அழுவுற? சலோ, திரும்பப் போடு" என்பார். ஒருநாள் நான் அவரை வெட்டினேன்.

"ஏய், அப்பான்னு பாக்க மாட்டியா?"

"மாட்டேன்!"

இன்று லூடோ வாங்கிவந்து மகளின் காயை வெட்டினேன். "ஜாவோ, உன்கூட டூ!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் முறைக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஆனால் கதவை நானே தட்டலாமா, அவளே திறக்கட்டும் என்று விடலாமா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.