சுத்தக்காரி வீடு

என் சித்திக்கு இருந்தது நோய். அதற்குச் சுத்தம் என்று பெயர் வைத்து எங்கள் குடும்பம் சில வருடம் நன்றாகச் சாப்பிட்டது. இதை வீட்டு விசேஷங்களில் சொன்னால், "ஆரம்பிச்சிட்டாளா?" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன். எழுதினால் யாரும் பாதியில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது.

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அப்பாவின் தம்பியான சித்தப்பா. அம்மா ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள். சித்தி பாவு பிணைப்பாள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்க்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெலிது. சித்தி கல்யாணமாகி வந்த புதிதில் அம்மாவிடம்தான் அதைக் கற்றுக்கொண்டாள். சீக்கிரமே அம்மாவைவிட வேகமாகச் செய்தாள். அம்மாவுக்கு அதில் ஒரு பொருமல் இருந்தது. எனக்குத் தெரிந்து கடைசிவரை இருந்தது.

சித்தி வந்த பிறகு வீடு மாறிவிட்டது. தறி இருக்கும் கூடத்துக்குள் யார் போனாலும் கால் கழுவவேண்டும். கழுவிய காலை அதற்கென்று வைத்த துணியில் துடைக்கவேண்டும். அந்தத் துணியையும் அவளே தினம் துவைப்பாள். என் புத்தகப்பை வாசல் ஆணியைத் தாண்டக்கூடாது. அம்மா கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைச் சித்தி மறுபடி கழுவி, எல்லாக் கைப்பிடிகளும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்குவாள். அம்மா ஒன்றைத் திருப்பி வைத்தால், அடுத்த தடவை அடுப்படிக்குப் போகும்போது அது சரியாகியிருக்கும். அப்பா எட்டு வைத்து நடந்த தரையை அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் துடைத்திருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து குளிக்காமல் நான் அவளைத் தொட்டுவிட்டால் பேசாமல் எழுந்து போவாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வெகுநேரம் கேட்கும்.

"சோப்புக்கே பொறந்தவ" என்பாள் அம்மா. காதில் விழும்படிதான் சொல்வாள். சித்தி, "மன்னிச்சிக்கோங்கக்கா, எனக்குத் தாங்கல" என்பாள். தாங்கவில்லை என்று அவள் வாயாலேயே சொன்னாள். ஒருநாள் இல்லை, தினமும். யாரும், "இன்னாம்மா தாங்கல?" என்று ஒருதரம்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

ஏன் கேட்கப்போகிறார்கள்? எங்களுக்குப் பட்டு கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி, வெள்ளை, சந்தனம் மாதிரி வெளுப்பு நிறப் பாவுகளை மற்ற வீடுகளுக்குக் கொடுக்கப் பயப்படுவார். ஒரு எண்ணெய் விரல், ஒரு காப்பிச் சொட்டு பட்டால் புடவை போச்சு. எங்கள் வீட்டிலிருந்து போன புடவையில் அவர் ஒரு புள்ளி கண்டதில்லை. அதனால் வெளுப்பு நிறமெல்லாம் எங்களுக்கு. கூலியும் கூடுதல். அவர் வரும்போதெல்லாம் அப்பாவுக்குப் பெருமை பிடிபடாது.

"எங்க ஊட்ல ஈகூட கால் கழுவிகினுதான் உள்ள வரும், மொதலாளி."

முதலாளி சிரிப்பார். "அந்தப் பொண்ணு கைராசிய்யா. பத்தரமா வெச்சிக்கோ."

தெருவில் எங்களுக்குச் சுத்தக்காரி வீடு என்றே பெயர். பாதிப் பொறாமை, பாதிக் கிண்டல். சித்தப்பாவும் அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். கூடத்தில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று பெண்டாட்டி சொன்னால் வெளியே போய்க் குடித்துவிட்டு வருவார்.

எனக்கு ஒன்பது வயது ஆனபோது சித்தியின் கை வெடிக்க ஆரம்பித்தது. முதலில் விரல் இடுக்குகளில். பிறகு உள்ளங்கை முழுக்க, தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி. சோப்பு போதாமல் துணி சோடாவும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கழுவினாள். பட்டுக்குச் சொரசொரப்பு ஆகாது. விரலில் ஒரு பிசிறு இருந்தாலும் இழை அதில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் அறுந்துபோகும். இழை அறுந்தால், கையில் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துச் சித்தி மறுபடி கழுவப் போவாள். கழுவக் கழுவ இன்னும் வெடிக்கும்.

கைக்கு எண்ணெய் தடவியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். தடவமாட்டாள். எண்ணெய் பட்டில் கறையாகும். மஞ்சள் அரைத்துப் போடச் சொன்னார்கள். மஞ்சளும் கறை. களிம்பு வாங்கி வந்தார் சித்தப்பா. அதுவும் பிசுபிசுப்பு. புண்ணை ஆற்றக்கூடியது எதுவோ அதெல்லாம் எங்கள் பிழைப்புக்கு ஆகாததாக இருந்தது. வேலையை நிறுத்து, கை ஆறட்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். ஆவணி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

அந்த ஆவணியில் சந்தன நிறத்தில், அரக்குக் கரை வைத்த பாவு வந்தது. யாரோ பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு. சித்தி அதைப் பிணைத்து முடிக்கப் பாதி இருந்தபோது, வந்தவாசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மற்ற மூவரும் போனார்கள். எனக்குப் பள்ளிக்கூடம். சாயங்காலம் நான் வந்தபோது கூடத்திலிருந்து சோப்பு வாசனை வந்தது.

சித்தி தறிக்கு அடியில் கால் வைக்கிற குழியில் இறங்கி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி. பாவின்மேல் நுரை. ஒரு துணியால் மெதுவாக, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி, பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரலில் இருந்து ரத்தம் கசிந்து இழைமேல் புள்ளி விழுந்திருக்கிறது. அதைத் துடைக்க ஈரத்துணி எடுத்திருக்கிறாள். துடைத்த இடத்தில் இன்னும் ரத்தம் பட்டிருக்கிறது. பிறகு வாளி, பிறகு சோப்பு. அரக்குக் கரையின் சாயம் ஈரத்தில் இளகி, சந்தன நிறத்துக்குள் கோடு கோடாக ஓடியிருந்தது.

நான் வாசல்படியிலேயே நின்றேன்.

"கால் கழுவினியா பாப்பா?" என்றாள்.

"இல்ல சித்தி."

"அங்கியே நில்லு. இங்க ஒரே அழுக்கா கீது. நான் முடிச்சிட்டு கூப்புடறேன்."

அவள் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அதனால் எனக்குப் பயமே வரவில்லை.

பஸ்ஸை விட்டிறங்கி வந்தவர்களுக்கு வந்தது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். சித்தப்பா குழியில் இறங்கி அவள் முடியைப் பிடித்து மேலே இழுத்தார். அடித்தார். அவள் அடியைத் தடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. கை சோப்பாக இருக்கிறது, அவர் விசேஷச் சட்டையில் பட்டுவிடும் என்று இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டாள். அம்மா, "உடுங்க, செத்துகித்து தொலையப்போறா" என்றாள். அதுதான் அந்த வீட்டில் அவளுக்காக எழுந்த ஒரே குரல்.

அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னார். "பைத்தியம்டா இது. பைத்தியத்த கட்டி வெச்சிட்டானுங்க நம்ம தலையில."

மத்தியானம்வரை அதற்குச் சுத்தம் என்று பெயர். சாயங்காலம் பைத்தியம். நடுவில் மாறியது ஒரு புடவை மட்டும்தான்.

முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரமே சித்தப்பா சித்தியைக் கண்ணமங்கலத்துப் பக்கம் இருந்த அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஓய்வெடுக்கப் போகிறாள் என்று என்னிடம் சொன்னார்கள். அவர்கள் ஏறியது வேலூர் பஸ். இப்போது நான் அதே வழியில் எத்தனையோ முறை போய்வருகிறேன். ஒவ்வொரு முறையும் கண்ணமங்கலம் தாண்டும்போது மணி பார்க்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் அதே சீட்டில் உட்கார்ந்திருந்தால் வேலூர். அங்கே டாக்டர் இருந்தார், மாத்திரை இருந்தது, இந்த நோய்க்கு ஒரு பெயரும் இருந்தது. பாதி வழிக்கு டிக்கெட் எடுத்தார்கள்.

மார்கழியில் எனக்கு அரையாண்டு லீவு விட்டிருந்தபோது முதலாளி வீட்டுக்கு வந்தார். "தை மாசத்துக்கு சந்தன கலர் கேக்கறாங்க. அந்தப் பொண்ணு கை ஆறிச்சா?" என்று அப்பாவைக் கேட்டார். ஆறியிருந்தால் பழையபடி கொடுக்கிறேன் என்று அர்த்தம். அன்று சாப்பிடும்போது அப்பா சித்தப்பாவைப் பார்த்தார்.

"போய் ஒரு எட்டு பாத்துகினு வா."

"நான் போனா அவங்க அம்மா செருப்பால அடிப்பாங்கண்ணா."

"பாப்பாவ இட்டுகினு போ. கொழந்த முன்னாடி அடிக்கமாட்டாங்க."

அப்படித்தான் நான் போனேன். கண்ணமங்கலத்தில் இறங்கி வெகுதூரம் நடந்தோம். ஊர் முனையில் இருந்த டீக்கடையிலேயே சித்தப்பா நின்றுவிட்டார். "நீ போ. கையப் பாரு. வெடிப்பு கீதா, இல்லியான்னு பாத்துகினு ஜல்தியா வா."

சித்தியின் அம்மா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னை யாரென்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆரணிக் கொழந்தையா? உங்க சித்தப்பன் வர்லியா?"

"டீக்கடையாண்ட நிக்கறாரு."

"நிக்கட்டும். நல்லா நிக்கட்டும்." பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். "அங்கதான் குந்திகினு கீறா. போ. நீயாவது பேசிப் பாரு."

சித்தி கொட்டகைச் சுவரில் சாய்ந்து மண்தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கடலைத் தோல். புடவை ஓரத்தில் சாணி காய்ந்திருந்தது. என் கால் முழுக்கப் புழுதி. கழுவச் சொல்லப்போகிறாள் என்று கொஞ்சம் தள்ளி நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

"சித்தி, கையக் காட்டுங்க."

காட்டவில்லை. நானே எடுத்துப் பார்த்தேன். ஒரு வெடிப்புகூட இல்லை. வழவழவென்று, புதுக் கை மாதிரி இருந்தது. நகத்துக்குள் மட்டும் கறுப்பாக அழுக்கு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். குளிக்காமல், புழுதிக் காலோடு, அவள் தோளில் சாய்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை. அவளை நான் அப்படித் தொட்டது அதுதான் முதல்முறை. நாள் முழுக்க அப்படியே இருக்கலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. அடுத்த ஆடிக்குள் இறந்துபோனாள். சோற்றை நிறுத்திவிட்டாள் என்றார்கள். சித்தப்பா மட்டும் மாலை வாங்கிக்கொண்டு போய்வந்தார்.

ஆனால் அன்றைக்கு டீக்கடைவரை நான் ஓடினேன். பஸ்ஸில் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கை எப்பிடி கீது?"

"சூப்பரா கீதுப்பா. ஒரு வெடிப்புகூட இல்ல. சித்திக்கு சரியாப் போச்சு. இப்பல்லாம் கழுவறதே இல்ல. நான் கால் கழுவாம பக்கத்துல குந்தினேன், ஒண்ணுமே சொல்லல. மண்ணுலியே குந்திகினு கீறாங்க. அவங்க அம்மா சோறு வெச்சாங்க, அதுல ஈ மொச்சிகினு இருந்துது, அதக்கூட ஓட்டல. கால்ல எறும்பு ஏறுது, அதையும் தட்டல. ஒண்ணுத்துக்கும் பயப்படல."

அம்மாவின் ராட்டை நின்றது. சித்தப்பா வாசலுக்குப் போய்விட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "பிணைக்க வெளியாள் ஒருத்தர சொல்லி வெச்சிடலாம்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவ்வளவு தூரம் போய் நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன், இவர்களுக்குப் புரியவில்லையே. கை நன்றாக இருக்கிறது, நான் தொட்டுப் பார்த்தேன் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பாமல் ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.