நாற்பதாவது புள்ளி

கல்யாணத்துக்குப் போன குன்னூர் ரிசார்ட்டின் வாசலில், ஒரு பழைய சைக்கிளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துப் பூத்தொட்டி மாட்டி நிறுத்தியிருந்தார்கள். பெடலைக் காலால் அழுத்திப் பார்த்தேன். பெயின்டில் செயின் இறுகிக் கிடந்தது.

“அது சுத்தாதுங்க மேடம், போட்டோவுக்குத்தான்” என்றான் வாசலில் நின்ற ரிசார்ட் இளைஞன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடம்தான் முன்பு எங்கள் வீட்டார் வேலை பார்த்த தேயிலை ஃபாக்டரியின் விறகு யார்டு. மேடும் பள்ளமுமான எஸ்டேட்டில் சைக்கிள் ஓட்டச் சமமாக இருந்த ஒரே தரை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ச்மேனின் சைக்கிளை வாங்கி, பின் டயரில் ஈரச் சுண்ணாம்பைப் பொட்டாக அப்பி, நான் மிதிக்க மிதிக்க, பக்கத்து வீட்டுச் செல்வி குனிந்தபடியே ஓடிவந்து தரையில் விழும் வெள்ளைப் புள்ளிகளை எண்ணுவாள். பெடல் இரண்டு சுற்றினால் சக்கரம் ஐந்து சுற்றும், ஒன்றோடு நிறுத்தினால் இரண்டரை.

“அந்த அரை எங்கடி போச்சு?” என்று கத்துவேன்.

“உச்சியில நிக்குது பாரு!” என்று டயரின் மேலே ஏறி நிற்கும் பொட்டைக் காட்டிச் சிரிப்பாள்.

யார்டு முழுக்கப் பதினாறு மிதி, நாற்பது புள்ளி. கடைசிப் புள்ளி சில்வர் ஓக் மரத்தடியில் விழும். ஃபாக்டரியை விற்றதும் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்து வீடுகளை இடித்தார்கள். செல்வி வீட்டார் திருப்பூருக்குப் போனார்கள்.

“முன்ன இங்க என்ன இருந்துச்சு?” என்று அந்த ரிசார்ட் இளைஞனிடம் கேட்டேன்.

“ஒன்னுமே இல்லைங்க, வெறும் காடு.”

அவன் முதுகுக்குப் பின்னால் அந்த மரம் அப்படியே நின்றது.

“அந்த மரம் நாப்பதாவது புள்ளி. நீ நிக்கிறது முப்பத்தெட்டாவது” என்றேன். “தள்ளி நில்லு.”