பத்துப் போத்தல் மாம்பழ ஜாம்

ஜாம் போத்தலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. என் மனைவியின் குசினியில் இதுதான் முதல் சட்டம். ஈரக் கரண்டியோடு போத்தலுக்குக் கிட்டப் போனால் போதும், "வெச்சிட்டுப் போங்க அத! ஒரு கிழமையில பூஞ்சணம் பூத்துப் போகும்!" என்று முற்றத்தில் நின்றே கத்துவாள். முதுகிலும் கண் உள்ள மனுசி.

நாற்பது வருடமாக நான் அந்தக் குசினியில் விருந்தாளிதான். வீடு அவளுடைய வாப்பா சீதனமாகக் கொடுத்தது. கல்முனைப் பக்கத்தில் அப்படித்தான், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடும் அவளுடையது, அடுப்பும் அவளுடையது. நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நின்றவனுக்கு வீட்டில் ஒரு தேத்தண்ணி ஊற்றத் தெரியாது. அதைப் பெருமையாகவேறு சொல்லித் திரிந்தேன். மடையன்.

போன வருடம் அவளுடைய நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று நினைத்துத் தேன் பூசினோம். மூன்று மாதம் தேன் பூசினோம். அல்லாஹ்வே, மூன்று மாதம்! பிறகு மட்டக்களப்புக்குக் கொண்டுபோனோம். புற்று என்று வெட்டி எடுத்தார்கள், ஆறு கிழமை கரண்ட் வைத்தார்கள். திரும்பி வரும்போது அவளுடைய வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. உமிழ்நீர் வற்றிப் போயிருந்தது. ருசி அடியோடு போய்விட்டது.

"சிலருக்குச் சில மாதத்தில் ருசி திரும்பும், சிலருக்குத் திரும்பாது" என்றார் டாக்டர். "எப்படியாவது சாப்பிட வையுங்கள். இப்படியே மெலிந்தால் உடம்பு தாங்காது."

சாப்பிட வைப்பது யார்? கஞ்சியைக் கொடுத்தால், "கடதாசி ஊறவெச்ச தண்ணி" என்பாள். மகள் மீனாணக் குழம்பை அரைத்து வடித்துக் கொடுத்தால் ஒரு வாயோடு கோப்பையைத் தள்ளிவிடுவாள். அவள் கையிலிருந்த காப்பு முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. யாரில் கோபம் என்று தெரியாமல் மகளிடம் கத்தினேன், கோழியிடம் கத்தினேன்.

முற்றத்து மாமரத்தில் பழம் விழத் தொடங்கியது. வருடா வருடம் அவள் காய்ச்சுகிற ஜாமுக்கு உள்ள பழம். யன்னலால் பார்த்துக்கொண்டு கிடந்தவள், "எல்லாம் பாழாப் போகுது" என்றாள்.

"நான் காய்ச்சுறன்" என்றேன்.

"நீங்களா? தேத்தண்ணி ஊத்தத் தெரியாத மனுசன் ஜாம் காய்ச்சப் போறார். உலகம் அழியிற கியாமத்துக்கு அடையாளம்!"

சிரித்தாள். வாய் திறக்காத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அந்தச் சிரிப்புக்காக நான் பத்து மரத்துப் பழத்தையும் காய்ச்சியிருப்பேன்.

குசினி வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு வேலை வாங்கினாள். மாம்பழத்தைத் தோல் சீவி, பிசைந்து, நார் இல்லாமல் அரிதட்டில் தேய்த்தேன். "இன்னொருக்காத் தேயுங்க, நாருப் பட்டாத் தொண்டை கிழியும்." தேய்த்தேன். "தேசிக்காய்ப் புளி அரைவாசி போதும், வாய் எரியும்." அரைவாசி விட்டேன். போத்தல்களை அவித்துத் தூக்கியபோது துணியை எடுத்தேன். "துடைக்காதீங்க! வெயில்ல கவுத்து வைங்க, வெயில் துடைக்கும்." பள்ளிக்கூடத்தில் என்னிடம் அடி வாங்கிய பிள்ளைகள் அன்று என்னைப் பார்த்திருந்தால் பெருநாள் கொண்டாடியிருப்பார்கள்.

சீனி போட்டுக் கிண்டக் கிண்ட ஜாம் கொதித்துத் தெறித்து மணிக்கட்டில் ஒட்டியது. தோல் உரிந்துபோனது. "பீங்கான்ல ஒரு சொட்டு விட்டுச் சரிச்சுப் பாருங்க. ஓடினாப் பதம் காணாது." சரித்துப் பார்த்தேன். ஓடவில்லை, நின்றது. "இப்ப இறக்குங்க" என்றாள். அதோடு களைத்துப் போய் அறைக்குள் படுத்துவிட்டாள்.

அவள் போன பிறகுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். அவளுடைய தம்பி மக்காவுக்கு உம்ரா போய் வந்து, அங்குள்ள புனிதக் கிணற்றின் சம்சம் தண்ணீர் தந்திருந்தான். சுடச்சுட ஜாம் வார்த்த பத்துப் போத்தலிலும், மூடுவதற்கு முன், பிஸ்மி சொல்லி, ஸலவாத்து ஓதி ஊதி, ஒவ்வொரு கரண்டி சம்சம் விட்டேன். அவளுக்கு ஷிபா கிடைக்க வேண்டும் என்ற நிய்யத்தில். மூடிகளை இறுக்கிக் கவிழ்த்து வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை, குணமான பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். நாற்பது வருடம் ஈரக் கரண்டிக்கு ஏச்சு வாங்கியவன்தான் நான். அது தண்ணீர் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அடுத்த நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு முதல் கரண்டியைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் வாயில் வைத்திருந்தாள்.

"மாம்பழ ருசி விளங்குதா?"

"ஓம்."

"மெய்யா?"

"ஓம் எண்டுறன். நல்லா இரிக்கி. இனிப்புத்தான் கொஞ்சம் கூடிப் போச்சு."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், மகளுக்கு முன்னால் நின்று அழுதேன். பிறகு ஒழு எடுத்து இரண்டு ரக்அத் தொழுதேன். மச்சானுக்கு டெலிபோன் எடுத்து, "சம்சம் வேலை செய்யுது" என்றேன். நாளுக்கு நான்கு கரண்டி, நானே ஊட்டினேன். கிளினிக் நாளில், டாக்டர் கேட்பதற்கு முன்னமே, "ருசி திரும்பிட்டு, டாக்டர்!" என்றேன். அவர் தலையாட்டி அட்டையில் எழுதினார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்குச் சீனி வருத்தம் என்பதால் நான் ஒரு துளியும் நக்கிப் பார்க்கவில்லை. மகளும் தொடவில்லை, அது உம்மாவின் மருந்து.

பதினோராம் நாள் முதல் போத்தல் முடிந்தது. இரண்டாவதை எடுத்தேன். மூடி மேலே வீங்கியிருந்தது. திருகியதும் உஸ் என்று சீறி நுரை பொங்கிக் கையில் வழிந்தது. சின்ன வயதில் வாப்பாவோடு வயலுக்குப் போகிற பாதையில் ஒரு தவறணை இருந்தது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அந்தக் கள் மணம். மூன்றாவதைத் திறந்தேன், அதுவும் அப்படித்தான். கடைசியில், முடிந்துபோன முதல் போத்தலை எடுத்து மோந்தேன். அதே மணம். நாளுக்கு நான்கு தரம் திறந்து மூடியவன், கனிந்த மாம்பழ வாசம் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தேன். வினாகிரி மாதிரிப் புளித்து நாக்கைக் குத்தியது. சின்னக் குழந்தைகூடத் துப்பியிருக்கும்.

வெனிலாவில் ஸ்பிரிட் இருக்கிறது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அந்தச் சின்னப் போத்தலை வீட்டுக்குள் எடுக்காதவள் அவள். அந்த வாய்க்குள் இதை நான் ஊட்டியிருக்கிறேன். குறை சம்சத்தில் இல்லை, அது குடிக்கத் தந்த தண்ணீர். கொண்டுபோய் ஜாமுக்குள் ஊற்றிய புத்தி என்னுடையது.

போத்தலோடு அறைக்குள் போனேன். என் காலடிச் சத்தம் கேட்டு, கரண்டி வருகிறது என்று நினைத்து, அந்த இரண்டு விரல் அகலத்துக்கு வாயைத் திறந்தாள். என் கையைப் பார்த்துவிட்டு மூடினாள். நுரையை ஒரே ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"தண்ணி பட்டிரிக்கி" என்றாள்.

"சம்சம் ஊத்தின நான். எல்லாத்துக்கும்."

"முதல் போத்தலுக்குமா?"

"ஓம்." எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "புளிச்சது உனக்கு விளங்கல்லயா? இனிப்புக் கூடிப் போச்சு எண்டு சொன்னாயே! நான் டாக்டரிட்டயும் சொன்னேனே!"

"முதல் நாளே ஒண்டும் விளங்கல்ல. மண்ணத் தந்தாலும் எனக்கு ஒண்டுதான்."

"அப்ப ஏன் அப்படிச் சொன்ன?"

"கையச் சுட்டுக்கிட்டு, கரண்டியோட முன்னுக்கு வந்து நிண்டீங்க. நான் என்னத்தச் சொல்ற?"

நான் போத்தலை நிலத்தில் வைத்தேன். அவள்தான் மறுபடி கேட்டாள், "எத்தினை போத்தல் மிச்சம்?"

"ஒம்பது."

"அழுக்குத் தண்ணி ஓடுற கான்ல ஊத்திடாதீங்க. சம்சம் இரிக்கி. ஆரும் மிதிக்காத இடமாப் பாத்துத் தாட்டுப் போடுங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் மாமரத்தடியில் மதிலோரமாகக் குழி வெட்டி, ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றி மண் போட்டேன். கணக்கு வாத்தியாருக்கு அன்று அளவு தவறிவிட்டது. குழி தேவைக்கு மிஞ்சி நீண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் ஐம்பது நாள்கூட இருக்கவில்லை. இருந்த நாளில் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கஞ்சி கொடுத்து, "எப்படி?" என்று கேட்டால், "ஒண்டும் விளங்கல்ல" என்பாள். பால் கொடுத்தாலும் அதுதான். நான் கேட்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

கடைசிக் கிழமை ஒரு பகல், இரண்டு கரண்டிக் கஞ்சியோடு அவள் போதும் என்று கை காட்டினாள். பொறுக்க முடியாமல் கெஞ்சினேன். "ஒருக்காச் சொல்லன் புள்ள, நல்லா இரிக்கி எண்டு. சும்மாவெண்டாலும் சொல்லன்."

தலையணையிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"சொல்லலாம்" என்றாள். "நீங்க நம்புவீங்களா?"

குசினிக்குப் போய்க் கரண்டியைக் கழுவி, துடைக்காமல், வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.