ஒரே குத்து அக்கா

அரசாங்க ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் அவள் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். கைக்குழந்தையின் மயிரிழை நரம்பையும் முதல் தடவையிலேயே பிடித்துவிடுவாள் என்பதால் 'ஒரே குத்து அக்கா' என்று பேர். தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள்கூட நரம்பு கிடைக்காமல் திண்டாடினால் அவளுக்குத்தான் போன் போடுவார்கள்.

வார்டைத் தனியாரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அதை எதிர்த்துக் கையெழுத்து வேட்டையில் முதலில் இறங்கியவளும் அவள்தான். பிள்ளையைத் தனியாருக்குத் தூக்கிப் போகக் கிளம்பிய ஒருத்தியை, "உன் புள்ள மட்டும் என்ன ஒசத்தியா? இங்க என்ன குறைன்னு அங்க ஓடுற?" என்று போன வாரம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பாவம், அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவளின் தம்பி மகளுக்கு வாந்தியும் பேதியும். ஒன்றரை வயசு, துவண்டு கிடந்தது.

"உங்க வார்டுக்கே போயிடலாமே, அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

அன்று அங்கே ஒரு கட்டிலுக்கு மூன்று பிள்ளைகள். அக்காவுக்குத் தெரியாதா என்ன? "வேணாம், தனியாருக்கே போவோம். நான் வந்தது மட்டும் யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள். தம்பியையும் அவன் மனைவியையும் குழந்தையோடு உள்ளே அனுப்பிவிட்டு, அந்த ஆஸ்பத்திரி மருந்துக்கடை ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது. உள்ளேயிருந்துதான்.

"அக்கா, ஒரு குழந்தை. நாலு குத்து குத்தியாச்சு, நரம்பே சிக்கல. கொஞ்சம் வாங்களேன்!"

வேறு எந்தக் குழந்தையாக இருக்கும்? எழுந்து ஓடினாள்.

"அட, பறந்து வந்தீங்களாக்கா?" என்றாள் அங்கிருந்த நர்ஸ் பெண். அக்கா பிஞ்சுக் காலைத் தடவித் தடவிப் பார்த்து, கணுக்கால் பக்கம் ஊசியை இறக்கினாள். ஒரே குத்து. டிரிப்ஸ் சொட்டத் தொடங்கியது.

குழந்தை கண்ணைத் திறந்து, "த்தே..." என்று கையை நீட்டியது.

"பாருங்களேன், அத்தைங்குது! தெரிஞ்ச குழந்தையாக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அதை விட்டுவிட்டு, "எல்லாப் புள்ளைக்கும் நான் அத்தைதானே" என்று இளித்து வைத்தாள். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி மட்டும் அவளை நேராகப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றி, சிஸ்டர்."