ரொசாலி அக்காவின் மலைச் சைக்கிள் ஞாயிறுகள்

ரொசாலி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது சைகோனில், பென்தான் மெட்ரோ நிலையத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். மழையால் இரண்டு முறை தள்ளிப்போட்ட பிள்ளைகளின் மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு அன்று காலைதான் மூன்றாவதாக ஒரு தேதி குறித்து அவருக்கு அனுப்பியிருந்தேன். பதில் அவர் மகளிடமிருந்து வந்தது. அம்மா விடியற்காலையில் இறந்துவிட்டார் என்று வியட்நாமிய மொழியில் ஒரே வரி. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரோடு பந்தயச் சரிவுகளில் நின்ற பெற்றோர்களே, உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா காரைக்கால்காரர், அம்மா இந்த ஊர்க்காரர். 1975இல் சைகோன் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியபோது தெரிந்த தமிழ்க் குடும்பங்களெல்லாம் கிளம்பிப்போக, இவர்கள் தங்கிவிட்டார்கள். நகரின் சோலோன் பகுதியில் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு, சைக்கிள்களை லாரியிலும் பிள்ளைகளை வேனிலும் ஏற்றிக்கொண்டு கடலோர ஊரான வுங் டாவின் குன்றுக்குக் கிளம்பிவிடுவார். நம் நகரம் தோசைக்கல் மாதிரி தட்டை. மேடு வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டும்.

எங்கள் பழக்கம் சண்டையில் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்த புதிது. விலையுயர்ந்த சைக்கிளில் என் மகன் எல்லோருக்கும் முன்னால் வந்தான். பரிசு, பழைய சைக்கிளில் கடைசிக்கு முன்னால் வந்த ஒரு சிறுமிக்குப் போனது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "இதென்னங்க நியாயம்?" என்று கத்தினேன்.

"ரெண்டு சுத்து ஓட்டுனாங்கள்ல தங்கச்சி? ரெண்டு சுத்துக்கும் ஒரே அளவு நேரம் எடுத்தவங்களுக்குத்தான் பரிசு. ஒங்க புள்ள மொத சுத்துலயே மூச்சு வாங்கிட்டான். நல்ல சைக்கிள் வாங்குனது நீங்கதான, ஒங்களுக்கு வேணா ஒரு பரிசு தர்றேன்" என்றார் அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த மாதம் நேரம் குறிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

பெற்றோரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. ஒருமுறை ஓர் அம்மா ஸ்கூட்டரில் பாதைக்குள்ளேயே வந்து, பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்த மகளுக்குக் கரும்புச் சாறு கொடுத்துவிட்டார். "சோய் ஓய்!" என்று, நம் 'ஐயோ கடவுளே' போல, வியட்நாமிய மொழியில் கூவித் தலையில் கைவைத்த அக்கா, மறுநிமிடம் அந்த அம்மா கையில் ஒரு கொடியைக் கொடுத்து, ஆபத்தான வளைவில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து வளைவுக்கு ஒரு பெற்றோர். "சும்மா நின்னாதான் பயம் வரும், வேல குடுத்துடணும்" என்பார். எங்களில் பலருக்கு அந்தக் கொடிதான் தைரியம் கொடுத்தது.

அக்காவுக்கு நோய் முற்றி நடக்க முடியாமல் போனபோது தேதி குறிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. "ஒரே ஒரு தடவ புள்ளைங்க எறங்குறதப் பாத்துர்றேன்" என்று கேட்டார். செம்மண் வழுக்கும், யாராவது விழுந்தால் யார் பதில் சொல்வது என்று நான் தள்ளிப்போட்டேன். இரண்டாவது முறையும் தள்ளினேன்.

"வழுக்குற எடத்துல சைக்கிளத் தள்ளிக்கிட்டு எறங்கட்டும். மழ போவும், திரும்ப வரும். நா அப்புடியா?" என்றார் தொலைபேசியில். அந்தக் குரல் கெஞ்சியது. யாரிடமும் கெஞ்சாதவர். "இன்னும் ரெண்டே வாரம், அக்கா" என்றேன். அவரைவிட வானிலை அறிக்கையை நம்பினேன்.

அவர் கடைப் பக்கம் போகும்போது இப்போதும் என் வண்டி தானாக வேகம் குறைகிறது. "என்னா தங்கச்சி" என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்றிருக்கிறது. கூப்பிட இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய அவசரம்தான். வரும் ஞாயிறு பந்தயம். மழை வருமாம். தள்ளிவைக்கலாமா என்று நேற்று ஒரு தகப்பனார் கேட்டார். "வேண்டாங்க. வழுக்குற சரிவு வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டுப் போகட்டும், வாங்க" என்றேன். சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இதை அன்றே சொல்லியிருந்தால் அக்கா பார்த்திருப்பார்.